திருத்த முடியாத கருவிகளும் ஆராயும் உரிமையும்

1. கேள்வி

கைப்பேசியின் இயங்குதளத்தில் பாதுகாப்புக் குறை இருப்பதாகச் செய்தி வந்தால் நாம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. சில நாட்களில் நிறுவனம் திருத்தம் அனுப்பும், இரவில் கைப்பேசி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், விஷயம் முடிந்துவிடும். கணினிப் பாதுகாப்பு ஆய்வின் நெறிகள் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தை நம்பி உருவானவை.

ஆனால் கணினி என்று நாம் நினைக்காத பொருள்களுக்குள்ளும் கணினி இருக்கிறது. பயண அட்டை, கார் சாவி, மின் மீட்டர், இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி, கண்காணிப்புக் கேமரா, வாக்குப்பதிவு எந்திரம் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு சில்லு, அதற்குள் ஒரு நிரல், வெளியுலகோடு பேச ஒரு வழி இருக்கின்றன. இவை பத்து, இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டியவை. பலவற்றின் நிரலை விற்ற பிறகு மாற்றவே முடியாது; சிலவற்றில் அப்படி மாற்ற முடியாததையே பாதுகாப்பு அம்சமாகச் சொல்கிறார்கள்.

திருத்தவே முடியாத ஒரு கருவியின் பலவீனத்தைக் கண்டறிந்தவர் அதை வெளியே சொல்லலாமா? சொன்னால் திருடனுக்குப் பாடம் எடுத்ததாகும் என்பது ஒரு பக்கம். சொல்லாவிட்டால் கருவியை நம்பியிருப்பவர் ஏமாற்றப்படுகிறார் என்பது மறுபக்கம். 2008 முதல் 2013 வரை நான்கு நகரங்களில் இந்தக் கேள்வி சட்டத்தின் முன் வந்தது. நான்கு விதமாக முடிந்தது. அவற்றை ஒப்பிட்டு, ‘வெளியிடலாமா, கூடாதா’ என்று கேட்பதைவிடப் பயனுள்ள ஓர் அளவுகோல் உண்டு என்று காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. இதுவரையிலான பார்வைகள்

இந்த விவாதம் கணினியைவிடப் பழையது. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், திறக்கவே முடியாதவை என்று பெயர்பெற்ற சப், பிராமா பூட்டுகளைத் திறந்து காட்டினார். இதைப் பகிரங்கமாகச் செய்தது சரியா என்ற சர்ச்சை அப்போதே எழுந்தது. திருடர்களுக்குப் பூட்டின் குறை ஏற்கெனவே தெரியும், தெரியாதவர்கள் பூட்டை வாங்கியவர்கள்தான் என்பது ஹாப்ஸ் தரப்பின் பதில். 1883இல் ஆகுஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ் இராணுவ ரகசியக் குறியீடுகளுக்கு ஒரு விதியை வகுத்தார்: சாவி மட்டுமே ரகசியமாக இருக்க வேண்டும், அமைப்பு எதிரியின் கைக்குப் போனாலும் பாதகம் வரக் கூடாது. இன்றைய குறியீட்டியல் பாடநூல்கள் எல்லாம் இதை ஏற்கின்றன. தொழிற்சாலைகள் ஏற்கத் தயங்குகின்றன.

நடைமுறையில் இன்று நிலைத்திருப்பது ஒரு சமரசம். ஆய்வாளர் முதலில் உற்பத்தியாளரிடம் சொல்வார், குறிப்பிட்ட காலம் காத்திருப்பார், பிறகு வெளியிடுவார். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 45 நாள் கெடு வைத்தது. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு 90 நாள் என்றது. கெடு எத்தனை நாள் என்பதில்தான் வாதம் நடக்கிறது. கெடுவுக்குள் திருத்தம் தயாராகும், தயாரானது பயனரைச் சென்றடையும் என்ற அனுமானத்தை யாரும் தொடுவதில்லை. சில்லில் பொறிக்கப்பட்ட குறைக்கு 90 நாளும் ஒன்றுதான், 900 நாளும் ஒன்றுதான்.

3. நைமேகன்: குற்றம் யாருடையது?

மைஃபேர் கிளாசிக் 1994இல் சந்தைக்கு வந்த தொடர்பில்லாச் சில்லு அட்டை. லண்டனின் ஆய்ஸ்டர், நெதர்லாந்தின் ஓவி சிப்கார்ட், பாஸ்டனின் சார்லி கார்டு ஆகிய பயண அட்டைகளிலும், எண்ணற்ற அலுவலகக் கதவு அட்டைகளிலும் இருந்தது இதுவே. நூறு கோடிக்கும் மேல் விற்றதாகக் கணக்கு. இதன் குறியீட்டு முறையான கிரிப்டோ-1ஐ உற்பத்தியாளர் (பிலிப்ஸ், பின்னர் என்எக்ஸ்பி) ரகசியமாக வைத்திருந்தார்.

2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் புளோட்ஸ் இருவரும் அந்த ரகசியத்தை எப்படி எடுத்தார்கள் என்று விளக்கினார்கள். அட்டையிலிருந்து சில்லைப் பிரித்து, அடுக்கடுக்காகத் தேய்த்து, ஒவ்வோர் அடுக்கையும் நுண்ணோக்கியில் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து தர்க்கச் சுற்றுகளை அடையாளம் கண்டிருந்தார்கள். தெரியவந்தது ஏமாற்றம் தரும் எளிமை. சாவியின் நீளம் 48 பிட் மட்டுமே. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதிதாகப் பிறக்க வேண்டிய தற்செயல் எண் 16 பிட் நிலையிலிருந்து வந்தது. அதுவும் அட்டைக்கு மின்சாரம் கிடைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்தே அமைந்தது. நேரத்தைக் கட்டுப்படுத்தினால் எண்ணையும் கட்டுப்படுத்தலாம்.

இதே காலத்தில் நைமேகன் நகரின் ராட்பவுட் பல்கலைக்கழகக் குழு, சில்லைத் தேய்க்காமலே, அட்டையும் வாசிப்பானும் பேசுவதை ஒட்டுக்கேட்டுக் குறியீட்டு முறையை மீட்டெடுத்தது. சாவியை ஒரு நொடிக்குள் கண்டறியும் வழியையும் கண்டது. 2008 மார்ச்சில் அக்குழு அரசுக்கும் உற்பத்தியாளருக்கும் தகவல் தந்தது. அமைச்சர் நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் மாதக் கருத்தரங்கில் கட்டுரை வெளிவர இருந்த நிலையில் என்எக்ஸ்பி தடை கோரி ஆர்னெம் நீதிமன்றத்துக்குப் போனது.

ஜூலை 18 அன்று நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. கருத்துரிமையை மட்டும் அது பேசவில்லை. காரண காரியத்தையும் பேசியது. நிறுவனத்துக்கு நேரும் இழப்பு கட்டுரை வெளியானதால் வருவதன்று, குறையுள்ள சில்லைச் செய்து விற்றதால் வருவது என்பது தீர்ப்பின் சாரம். பழியின் முகவரியை இது மாற்றி எழுதியது. கட்டுரை குறித்தபடி வெளியானது. லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 2010 வாக்கில் புதிய ஆய்ஸ்டர் அட்டைகளை வேறு சில்லுக்கு மாற்றியது. ஏற்கெனவே விற்ற சில்லைத் திருத்த முடியாது. அடுத்து வாங்கும் சில்லை மாற்ற முடியும். அந்த முடிவை எடுக்கத் தேவைப்பட்டது தகவல்.

4. பாஸ்டனும் லண்டனும்: தடை எதைத் தடுத்தது?

அதே 2008 ஆகஸ்டில் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர் பாஸ்டன் போக்குவரத்துக் கட்டண முறையின் குறைகளைப் பற்றி லாஸ் வேகாஸில் டெஃப்கான் மாநாட்டில் பேச இருந்தார்கள். முந்தைய நாள் போக்குவரத்து ஆணையம் இடைக்காலத் தடை வாங்கியது. பேச்சு ரத்தானது. ஆனால் மாணவர்களின் விளக்கப் படங்கள் மாநாட்டுக் குறுந்தகட்டில் ஏற்கெனவே கைமாறியிருந்தன. அதைவிட விசித்திரம், மாணவர்கள் ஆணையத்திடம் ரகசியமாகக் கொடுத்த அறிக்கையை ஆணையமே வழக்கின் ஆவணமாகத் தாக்கல் செய்துவிட்டது. நீதிமன்ற ஆவணம் என்பதால் அது யாரும் படிக்கக் கூடியதாயிற்று. பத்து நாள் கழித்துத் தடை நீங்கியது. கணினிக்குக் கேடு விளைவிக்கும் தகவலைக் ‘கடத்துவதை’த் தடுக்கும் சட்டம் கணினியை நோக்கியது, மனிதர்கள் முன் ஆற்றும் உரையை அது கட்டுப்படுத்தாது என்பதே நீதிபதியின் பார்வை.

லண்டன் வழக்குதான் இந்த வரிசையில் கடினமானது. கார் சாவிக்குள் இருக்கும் மெகாமோஸ் கிரிப்டோ சில்லு, சரியான சாவி அருகில் இல்லாமல் எஞ்சின் இயங்காதபடி பார்த்துக்கொள்வது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஆடம்பரக் கார்கள் பலவற்றில் அது இருந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஃபிளாவியோ கார்சியாவும், ராட்பவுட்டைச் சேர்ந்த ரூல் வெர்டுல்ட், பாரிஷ் எகே இருவரும் அதன் காப்பை உடைக்கும் வழிகளைக் கண்டார்கள். இவர்களில் கார்சியாவும் வெர்டுல்ட்டும் மைஃபேர் கட்டுரையின் ஆசிரியர்களும்கூட. சில்லு உற்பத்தியாளருக்கு 2012 நவம்பரிலேயே தெரிவித்துவிட்டார்கள். கட்டுரை வெளிவர இருந்தது 2013 ஆகஸ்டில். ஜூன் 25 அன்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

நீதிபதியின் வாதங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆய்வாளர்கள் குறியீட்டு முறையைச் சில்லைப் பிரித்து எடுக்கவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு சாவி நிரலாக்க மென்பொருளிலிருந்து எடுத்தார்கள். அந்த மென்பொருளுக்கு அது எப்படிக் கிடைத்தது என்பது ஐயத்துக்குரியது. பிறரின் ரகசியத்தைத் தெரிந்தே கையாள்வது சட்டப்படி தவறாகலாம். மேலும் கட்டுரை அப்படியே வந்தால் கார் திருட்டுக் கும்பல்களுக்கு உதவும். சில பகுதிகளை நீக்கி வெளியிடும் வாய்ப்பு முன்வைக்கப்பட்டது, ஆய்வாளர்கள் இணங்கவில்லை. கல்விச் சுதந்திரமும் கார் உரிமையாளர்களின் பாதுகாப்பும் மோதும்போது பின்னதன் பக்கம் தராசு சாய்ந்தது.

இந்த வாதத்தின் பலவீனம் அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. அந்த மென்பொருள் 2009 முதல் காசு கொடுத்தால் எவரும் வாங்கக் கூடியதாக இருந்தது. குறியீட்டு முறை தேவைப்பட்ட கும்பலுக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. தடை காத்தது ஏற்கெனவே கசிந்த ரகசியத்தை. இரண்டு ஆண்டுப் பேச்சுக்குப் பின் 2015 ஆகஸ்டில் கட்டுரை வெளியானபோது அதிலிருந்து நீக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு வாக்கியம். 96 பிட் சாவியை எப்படி மீட்கலாம், சில உற்பத்தியாளர்கள் அச்சாவிகளை எவ்வளவு அலட்சியமாகத் தேர்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்குவதற்கு இரண்டு ஆண்டுத் தடை தேவைப்பட்டிருக்காது. அந்த இடைவெளியில் கார் வாங்கியவர்கள் குறை தெரியாமலே வாங்கினார்கள்.

5. ஹைதராபாத்: கருவி யாருடையது?

இந்திய மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதலில் பயன்பட்டது. அதன் உருவாக்கத்தில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய எழுத்தாளர் சுஜாதாவுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பது தமிழ் வாசகர்கள் அறிந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகத்தின் எல்லாத் தொகுதிகளுக்கும் இந்த எந்திரம் வந்தது. இதன் நிரல் சில்லில் ஒருமுறை மட்டும் எழுதப்படுவது. பிறகு மாற்றவோ படித்தெடுக்கவோ முடியாது. தேர்தல் ஆணையம் இதை எந்திரத்தின் முதன்மையான காப்பாக முன்வைத்தது.

2010 ஏப்ரலில் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மேன், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப் ஆகியோரும் அவர்களின் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் அந்த நிரலைத் தொடவே இல்லை. முதல் வழியில், முடிவுகளை எண்களாகக் காட்டும் ஒளிப்பலகையை எடுத்துவிட்டு அதே தோற்றத்தில் வேறொன்றைப் பொருத்தினார்கள். அதன் எண்காட்டிகளுக்கு அடியில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் ஒளிந்திருந்தது. கூடவே ஒரு புளூடூத் வானொலிப் பகுதியும். எந்த வேட்பாளருக்குச் சாதகம் என்று கைப்பேசி வழியாகச் சொல்லலாம். எந்திரம் சரியாக எண்ணும்; பலகை தவறாகக் காட்டும். இரண்டாவது வழி சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு கருவி. எந்திரத்தைத் திறந்து, வாக்குகள் பதிந்திருக்கும் நினைவகச் சில்லின் கால்களில் அதைக் கவ்வவைத்தால் பதிவுகளை மாற்றி எழுதும். மேலே ஒரு திருகுப் பொத்தான்; யாருக்கு வாக்கு என்று அதைத் திருகித் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். நினைவகத்தில் இருந்த வாக்குகளுக்குக் குறியீட்டுக் காப்பு எதுவும் இல்லை.

இந்த ஆய்வு எதை நிறுவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எந்தத் தேர்தலிலும் இப்படி நடந்தது என்பதற்கு அதில் சான்று இல்லை. இரு வழிகளுக்கும் எந்திரத்தைக் கையில் எடுத்துத் திறக்க வேண்டும். முத்திரைகள், காவல், கட்சி முகவர்களின் பார்வை ஆகிய நிர்வாக ஏற்பாடுகள் இருக்க அது இயலாது என்பது ஆணையத்தின் பதில். அது நியாயமான பதிலே. ஆனால் அதை ஏற்றால் கூடவே இன்னொன்றையும் ஏற்க வேண்டியிருக்கிறது: எந்திரத்தின் பாதுகாப்பு மாற்ற முடியாத சில்லில் இல்லை, அரக்கு முத்திரையிலும் கிடங்குப் பூட்டிலும் இருக்கிறது. அந்த இடமாற்றத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஆய்வு.

ஆய்வுக்கான எந்திரம் பெயர் வெளியிட விரும்பாத ஒருவரிடமிருந்து வந்தது. அது திருட்டுப் பொருள் என்ற வழக்கில் 2010 ஆகஸ்ட் 21 அன்று ஹரி பிரசாத் கைதாகி மும்பைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து ஜாமீன் கிடைத்தது. நைமேகன் ஆய்வாளர்கள் அட்டையைக் கடையில் வாங்கினார்கள். மெகாமோஸ் ஆய்வாளர்கள் மென்பொருளை வாங்கினார்கள். வாக்குப்பதிவு எந்திரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதைச் சுதந்திரமாக ஆராய விரும்புபவருக்குச் சட்டப்படியான வழி அப்போது இல்லை. வழி இல்லாத இடத்தில் வழிமீறலைக் குற்றமாக்குவது ஆய்வையே குற்றமாக்குவதாக முடிகிறது.

பின்னர் நடந்தவற்றை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வாக்கைக் காகிதத்தில் அச்சிட்டுக் காட்டும் ஒப்புகைச் சீட்டு முறையைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொன்னது. சில்லை நம்ப வேண்டிய அவசியத்தைக் காகிதம் குறைத்தது. 2017இல் ஆணையம் கட்சிகளை அழைத்து முறைகேடு செய்து காட்டச் சொன்னபோது, உள்பாகங்களை மாற்ற அனுமதி இல்லை என்றது. 2010 ஆய்வு காட்டிய வழிகளே அதனால் போட்டிக்கு வெளியே போயின. உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பு, இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுதிக் கேட்டால் 5 சதவீத எந்திரங்களின் சில்லு நினைவகத்தைச் சரிபார்க்கலாம் என்றது. சரிபார்க்க வேண்டியவர்கள் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் பொறியாளர்கள்.

6. எதிர்வாதம்: மிராய்

வெளியீட்டை எதிர்ப்பவர்களின் வலுவான சாட்சி 2016ஆம் ஆண்டு. கண்காணிப்புக் கேமராக்கள், வீட்டு ரூட்டர்கள், காணொளிப் பதிவுப் பெட்டிகள் ஆகியவற்றில் புகுந்து அவற்றைப் படையாகத் திரட்டிய மிராய் நச்சுநிரல், செப்டம்பரில் பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸின் தளத்தை நொடிக்குச் சுமார் 620 கிகாபிட் வேகத்தில் தாக்கியது. அந்த மாத இறுதியில் அதன் மூலநிரல் இணையத்தில் வெளியிடப்பட்டது. அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் அமெரிக்காவில் தடுமாறின. மூலநிரல் வெளியானபின் அதன் வாரிசுகள் பெருகின. வெளியீடு கேடு விளைவித்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் வெளியானது எது என்று பார்க்க வேண்டும். மிராய் எந்த நுட்பமான குறையையும் பயன்படுத்தவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் சுமார் 60 அடங்கிய பட்டியல் ஒன்றை வரிசையாக முயன்று பார்த்தது, அவ்வளவே. அப்படிப்பட்ட கடவுச்சொற்கள் ஆபத்து என்று பல ஆண்டுகளாக எழுதப்பட்டு வந்தது, உற்பத்தியாளர்கள் செவிசாய்க்கவில்லை. மூலநிரலை வெளியிட்டவர்கள் தாக்குதல் நடத்தியவர்களே, ஆய்வாளர்கள் அல்லர். பலவீனத்தை விளக்குவது ஒன்று, இயக்கத் தயாரான ஆயுதத்தைக் கையில் கொடுப்பது வேறொன்று என்ற எல்லைக்கோட்டை மிராய் வலுப்படுத்துகிறது. மைஃபேர் கட்டுரை கணிதத்தைத் தந்தது. அட்டையை நகலெடுக்கும் கருவியைத் தரவில்லை. அந்த இடைவெளியைத் திறமையுள்ளவர்கள் தாண்டிவிடுவார்கள் என்பது உண்மை. திறமை குறைந்த பெருங்கூட்டம் தாண்ட நாளாகும். மாற்று ஏற்பாட்டுக்குக் கிடைப்பது அந்த அவகாசமே.

7. ஓர் அளவுகோல்

‘திருத்த வழி உண்டா’ என்பதை முதற்கேள்வியாக வைத்தால் குழப்பம் குறைகிறது. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் இருவரும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் காரைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். நிறுவனத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். விளைவாக 14 லட்சம் வாகனங்கள் திருத்தத்துக்கு அறிவிக்கப்பட்டன. உரிமையாளர்களுக்குத் தபாலில் யுஎஸ்பி போனது. தொலைபேசி வலையமைப்பிலேயே வழி அடைக்கப்பட்டது. இங்கே காத்திருப்புக்குப் பொருள் இருந்தது.

இதயத்தூண்டி நடுவில் நிற்கிறது. 2017 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சுமார் 4,65,000 கருவிகளுக்கு நிரல் திருத்தத்தை அறிவித்தது. திருத்தம் வீட்டிலிருந்தபடி நடப்பதில்லை. நோயாளி மருத்துவரிடம் போக வேண்டும். திருத்தும்போதே கருவி முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு, முந்தைய அனுபவப்படி 0.003 சதவீதம் என்றும் அறிவிப்பு சொன்னது. திருத்துவதா, விடுவதா என்பதை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டு ஆபத்துகளையும் எடைபோடும் தகவல் இல்லாமல் அந்த முடிவு சாத்தியமில்லை.

திருத்த வழியே இல்லாத மறுமுனையில் மைஃபேர், மெகாமோஸ், வாக்கு எந்திரம் இருக்கின்றன. அங்கே பயனரிடம் எஞ்சுவது ஒன்றே: கருவியை எவ்வளவு நம்புவது என்ற தீர்மானம். வாயிலில் காவலரைக் கூட்டலாம், காகிதச் சான்று சேர்க்கலாம், அடுத்த கொள்முதலில் வேறொன்றை வாங்கலாம். ஆகவே திருத்தும் வழி குறையக் குறைய, குறையின் இருப்பையும் கடுமையையும் வெளியிட வேண்டிய காரணம் வலுக்கிறது. தாக்கும் கருவியைத் தராமலிருக்க வேண்டிய காரணமும் கூடவே வலுக்கிறது. காத்திருப்புக் காலத்தையும் திருத்தத்துக்கு எத்தனை நாள் என்று அளக்காமல், மாற்று ஏற்பாட்டுக்கு எத்தனை நாள் என்று அளக்க வேண்டும்.

8. இந்தியச் சட்டத்தின் முரண்

இந்தியச் சட்டம் ஆய்வுக்கு முற்றிலும் பகையானதன்று. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறிய அது இயங்குவதைக் கவனித்தும் சோதித்தும் பார்ப்பதை மீறலாகக் கருதுவதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த மின்சுற்று வடிவமைப்புச் சட்டம், அறிவியல் மதிப்பீடு, பகுப்பாய்வு, ஆய்வு, கற்பித்தல் ஆகியவற்றுக்காகச் சில்லின் வடிவமைப்பை நகலெடுப்பதை அனுமதிக்கிறது. அதே ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமோ, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதை 43ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கும், நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவில் தண்டனைக்கும் உரியதாக்குகிறது. நல்லெண்ண ஆய்வுக்கென்று அதில் விலக்கு இல்லை. அமெரிக்காவில் 2015இல் பதிப்புரிமைப் பூட்டுகளை உடைப்பதற்கு ஆய்வு விலக்கு வந்தது. 2022இல் நல்லெண்ண ஆய்வாளர்மீது கணினிக் குற்ற வழக்குத் தொடுப்பதில்லை என்று நீதித்துறை கொள்கை வகுத்தது.

இங்கே கோடு கிழிப்பது உடைமை. சொந்தக் காசில் வாங்கிய கேமராவைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அனுமதிச் சிக்கல் இல்லை. வீட்டுச் சுவரில் தொங்கும், நமக்கு உடைமையில்லாத மீட்டரைப் பிரிப்பவருக்கு உண்டு. பொதுமக்கள் அதிகம் நம்பியிருக்கும் கருவிகள் அவர்களுக்குச் சொந்தமில்லாதவையே. தனிமனிதரின் பொருளில் தாராளமாகவும் பொதுக் கருவியில் கஞ்சத்தனமாகவும் சட்டம் இருப்பது தலைகீழ்.

9. முடிவாக

நான்கு வழக்குகளிலும் தடை முயற்சியோ கைதோ கருவியின் குறையைக் குறைக்கவில்லை. குறையை யார் அறிந்திருக்கலாம் என்பதை மட்டுமே அவை தீர்மானிக்க முயன்றன. அதிலும் பெரும்பாலும் தோற்றன. ஆர்னெம் நீதிமன்றம் மட்டுமே பழியைக் கருவியைச் செய்தவரிடம் வைத்தது. மாற்றமும் அங்கிருந்துதான் தொடங்கியது.

இந்தியாவில் 2021இல் தொடங்கிய மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின்கீழ் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது இலக்காக அறிவிக்கப்பட்டது. அவை பேசும், கேட்கும், கட்டளை வந்தால் இணைப்பைத் துண்டிக்கும். அவற்றில் குறை கண்டவர் என்ன செய்யலாம் என்பதைக் குறை வெளிப்பட்ட பிறகு காவல் நிலையத்தில் தீர்மானிப்பதைவிடக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது மேல். சுதந்திரமான ஆய்வாளர்களுக்கு மாதிரிக் கருவிகள் தர வேண்டும். நிரலைத் திருத்த வழியும் அதற்கான கால உறுதியும் வேண்டும். முறைப்படி தெரிவித்தவர்மீது வழக்கில்லை என்ற விதி வேண்டும். இவை இல்லாத ஒப்பந்தத்தில், தன் கருவியைத் தானே சோதித்துத் தானே சான்றளிக்கும் உற்பத்தியாளரின் சொல்லைத் தவிர நம்புவதற்கு வேறெதுவும் இருக்காது.